சீயக்காய் போட்டுக் கழுவிய கத்திகள்

1

ஆற்றங்கரைச் சாலையில் இரண்டாவது பாலத்தைத் தாண்டிய பிறகுதான் சாப்பாட்டுப் பையில் புளிச்சோறு அப்படியே இருப்பது நினைவுக்கு வந்தது. சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில், பழைய துண்டில் சுற்றிய ஒரு கத்தி. அரைநிலா வடிவம், ஒரு சாண் அகலம், வெள்ளிபோல் மின்னும் இரும்பு. எதிரே போலீஸ் கார் ஒன்று மெதுவாக வந்தது. வெளிநாட்டு முகம், தோளில் பை, பைக்குள் கத்தி. ஆற்றில் வாத்து பார்ப்பவன்போல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். கார் போய்விட்டது. மறுபடி நடந்தேன்.

அடுத்த பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. வீடு ஏழு கிலோமீட்டர். நிறுத்தத்தில் உட்கார்ந்தால் யோசிக்க வேண்டும். நடந்தால் மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து எனக்கு இதுதான் வழக்கம். ஆரணி, இராணிப்பேட்டை, திருப்பூர், மஸ்கட், கடைசியாக இத்தாலி. எந்த இடத்திலிருந்தும் யாரும் என்னை வண்டி வைத்து வழியனுப்பியதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை.

இந்த முறை நிலைமை கொஞ்சம் வேறு. அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெளிநாட்டார் அலுவலகத்தில் எங்களுக்கு முறை. நான், என் மனைவி வசந்தா, மகள் கீர்த்தி, மூவருக்கும் தங்கும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒரு முறைக்காக ஐந்து மாதம் காத்திருந்தோம். கொண்டுபோக வேண்டிய தாள்களில் முதல் தாள் என் வேலை ஒப்பந்தம். கையில் இருப்பது மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பித்துத் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த முதலாளிதான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் "நாளைக்கு வராதே" என்று சொல்லியிருந்தார்.

தப்பு என் மேல்தான். நான் செய்த காரியத்தைச் சொன்னால், ஆரணியில் இதைப் படிக்கிற நீங்கள் "இதுல இன்னா தப்பு?" என்றுதான் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

2

நான் இருக்கும் ஊர் ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கிறது. தோல் பதனிடும் ஊர். வாணியம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களுக்கு இந்த ஊரின் காற்றை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே வந்து ஆறு வருடம். முதல் நான்கு வருடம் ஒரு பதனிடும் ஆலையில், சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம். ஈரத் தோலை இழுத்துப் போடுகிற வேலை. கூட இருந்தவர்கள் செனகல்காரர்களும் பஞ்சாபிகளும். இத்தாலி மொழியை நான் கற்றது அங்கேதான். அதனால் எனக்குத் தெரிந்த சொற்களில் பாதி கெட்ட வார்த்தை. கீர்த்தியின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய், "என் மகள் நன்றாக உழைக்கிறாளா?" என்று கணக்கு டீச்சரிடம் ஆலை மொழியில் கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார். கீர்த்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்போது அவளுக்குப் பத்து வயது. இப்போது பதின்மூன்று. இன்று வரை அடுத்த பெற்றோர் கூட்டத் தேதியை எனக்குச் சொன்னதில்லை.

ஆலையை விட்டதற்குக் காரணம் விரல். போன தடவை அட்டை புதுப்பிக்கப் போனபோது விரல் ரேகை எடுக்கும் கண்ணாடியில் என் விரலை வைத்தார்கள். ஒன்றும் விழவில்லை. துடைத்து வைத்தார்கள், அழுத்தி வைத்தார்கள், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். சுண்ணாம்பும் ரசாயனமும் நான்கு வருடத்தில் ரேகையைத் தின்றுவிட்டிருந்தன. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி கீர்த்தியிடம் ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"கிரீம் பூசிகினு ரெண்டு வாரம் கழிச்சி வரணுமாம். அது வரைக்கும் நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியாதாம் ப்பா."

அவள் பேசுவது ஆரணித் தமிழ்தான். ராகம் மட்டும் இந்த ஊர் ராகம்.

ரேகை திரும்ப வளர்ந்தது. ஆனால் அந்தத் தொட்டிக்குத் திரும்ப எனக்கு மனம் இல்லை. அப்போதுதான் சின்யோர் ரெனாத்தோவின் கிடங்கில் சேர்ந்தேன். எழுபது வயது. பழைய தோல் வேலைக் கருவிகளைத் தேடிப் பிடித்து வாங்கி, அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பவர்களுக்கும் விற்பவர். தூசி தட்டுவது, பெட்டி கட்டுவது, தூக்குவது என் வேலை. இரண்டு வருடத்தில் அங்கே நான் கற்றது என் ஒன்பது வகுப்பில் கற்றதைவிட அதிகம். சும்மா சொல்லவில்லை.

பையில் இருந்த அரைநிலாக் கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் ஒரு கல்லறைச் சுவரில் தோல் வேலைக்காரர்களை வரைந்திருக்கிறார்கள். ரெனாத்தோ புத்தகத்தில் அந்தப் படத்தைக் காட்டினார். ஒருவன் குனிந்து தோலை வெட்டுகிறான். அவன் கையில் இதே கத்தி. மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் எத்தனையோ ராஜாக்கள் போய்விட்டார்கள், கத்தியின் வளைவு மாறவில்லை. மாற்றிப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். தோல் ஒத்துக்கொண்டிருக்காது. மற்றவையும் அப்படித்தான்: தையலுக்குத் துளை அளந்து குறிக்கும் பல் வைத்த இரும்பு, வாரை ஒரே அகலத்தில் கிழிக்கும் கட்டை, தைக்கும்போது தோலை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளும் மர இடுக்கி, மடிப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் எலும்புத் துண்டு, குத்தூசி. குத்தூசி முனையை உருட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, சாய்சதுரமாக இருக்கும். வட்டத் துளை தோலில் விரிந்துகொண்டே போகும். சாய்சதுரத் துளை நூலைச் சுற்றி மூடிக்கொள்ளும். இதை முதலில் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது.

பதனிடுவதிலும் நமக்கும் இவர்களுக்கும் தூரம் அதிகம் இல்லை. இங்கே கஷ்கொட்டை மரத்தின் சாறு, நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும். இரண்டுமே தோலை மாதக் கணக்கில் குழியில் ஊறப் போடும் வேலை. பிறகு ரசாயனம் வந்து ஒரே நாளில் முடித்தது. பாலாற்றங்கரையில் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். என் விரலில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

3

போன வாரம் ரெனாத்தோ ஒரு சந்தைக்காக வடக்கே கிளம்பினார். கிடங்கில் ஒரு பெட்டி இருந்தது. நான்கு தலைமுறையாகக் குதிரைச் சேணம் தைத்த ஒரு குடும்பத்தின் பட்டறையிலிருந்து அப்படியே எடுத்து வந்த நாற்பது கருவிகள். வாங்க ஓர் அருங்காட்சியகம் சம்மதித்திருந்தது. "தூசி மட்டும் தட்டி, காகிதத்தில் சுற்றி வை" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அவர் போன மறுநாள் ஆயுத பூஜை.

இங்கே ஆயுத பூஜைக்கு யார் லீவு கொடுப்பார்கள்? ஆலையில் இருந்தபோது தோல் சீவும் இயந்திரத்தில் ஒரு சின்னக் குங்குமப் பொட்டு வைத்தேன். மேற்பார்வையாளர் அதை ரத்தம் என்று நினைத்து இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். இந்த வருடம்தான் வாய்ப்பு அமைந்தது. கேட்க ஆள் இல்லை. முன்னால் நாற்பது ஆயுதம். ஒன்றொன்றும் கையழுக்கும் துருவும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. காலையில் சீயக்காய், சந்தனம், குங்குமம் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது கீர்த்தி பார்த்துவிட்டாள்.

"சீயக்காய எங்க எடுத்துகினு போற?"

"கிடங்குல பூஜ போடறேன்."

"அதெல்லாம் பழய பொருளு ப்பா. மியூசியத்துல எங்கள தொடவே உடல."

"தொடாம எப்பிடிக் கண்ணு பூஜ போட்றது?"

"ரெனாத்தோவ கேட்டியா?"

"அவரு ஊர்ல இல்ல."

"அப்ப வேணாம்."

"உனுக்கு இன்னா தெரியும்? போய்ப் பல்லு வெளக்கு."

இந்த இடத்தில் ஊர்ப் பூஜை ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படித் தேய்த்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

எங்கள் வீடு ஆரணிக்குப் பக்கத்தில், சேவூரில். நைனா பட்டு நெய்பவர். ஆயுத பூஜை அன்று தறி ஓடாது. தறிக்கு மாலை, ஊடு நூலை ஓட்டும் நாடாவுக்குப் பொட்டு, ராட்டைக்குப் பொட்டு. பத்தொன்பது வயதில் நான் இராணிப்பேட்டை செருப்பு ஆலையில் தோல் வெட்டுகிற வேலையில் இருந்தேன். தறிக்காரன் மகன் தோலுக்குப் போய்விட்டான் என்று தெருவில் பேசினார்கள். நைனா பேசவில்லை, அதுதான் இன்னும் பேஜார். அந்த வருட பூஜைக்கு என் கத்தியையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இன்னாடா அது?"

"என் கத்தி நைனா. நானும் வேலதான செய்றேன்? வெக்கலாம்னு கொண்டாந்தேன்."

நைனா கத்தியைக் கையில் வாங்கினார். தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சீயக்காய் போட்டு ஒரு முறை கழுவினார். மஞ்சள் போட்டு ஒரு முறை. வெறும் தண்ணீரில் ஒரு முறை. தனி இலையில் வைத்தார். நாடா இருந்த இலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி. அதற்கும் பொட்டு வைத்தார்.

"வெச்சாச்சி. போ, சோறு துண்ணு."

எனக்கு அன்று தரை தெரியவில்லை. தெரு முழுக்கப் பேசட்டும், நைனா என் கத்திக்குப் பொட்டு வைத்துவிட்டார். கத்தி சுத்தமாக இருந்தால் சாமி முன்னால் இடம் உண்டு. இருபது வருடமாக நான் அப்படித்தான் புரிந்து வைத்திருந்தேன்.

ஆகவே நாற்பது கருவிகளையும் கழுவினேன். கிடங்கு முற்றத்தில் எலுமிச்சை மரம் இருக்கிறது. எலுமிச்சையும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் துருவை எடுத்தேன். மரப்பிடிகளைச் சுடுதண்ணீரில் சீயக்காய் கரைத்துத் தேய்த்தேன். கறுப்பு கறுப்பாகத் தண்ணீர் போனது. பிடிகள் நேற்றுக் கடைந்ததுபோல் மஞ்சளாக வந்தன. பிறகு கல்லில் தீட்டினேன். தீட்டுவது எனக்கு வரும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இராணிப்பேட்டையில் என் கத்தியைக் கடன் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இரண்டு பகல் முழுக்க அந்த வேலை. பூஜைக்கே ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது. கடைசியில் நாற்பதையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் இல்லாததால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த ஆயுத பூஜைகளில் அழகானது அது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

4

திங்கட்கிழமை காலை ரெனாத்தோ வந்தார். கருவிகளை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். கத்துவார் என்று நினைக்கவில்லை, பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யார் செய்தது?"

"நான்தான். எங்கள் ஊரில் கருவிகளுக்கு ஒரு திருநாள் உண்டு. தீட்டியும் வைத்திருக்கிறேன், பாருங்கள்."

அவர் ஒரு குத்தூசியை எடுத்து அதன் பிடியைத் தடவினார். திருப்பித் திருப்பித் தடவினார். ஒரு மாதம் முன்னால் அதே பிடியை என்னிடம் காட்டி ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அதில் கையழுக்கு ஒரு பக்கம் மட்டும் தடித்துக் கறுத்திருந்தது. கட்டைவிரல் பதியும் இடம் வலது கைக்காரனுக்கு வருவதற்கு எதிர்ப்பக்கம். நான்கு தலைமுறையில் ஒருவன் இடது கைக்காரன். அவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அந்தக் கறுப்பு ஒன்றுதான் அவன் இருந்ததற்கு அடையாளம்.

"இங்கே ஒரு இடது கைக்காரன் இருந்தான்" என்றார் ரெனாத்தோ. "நூற்றைம்பது வருடம் இருந்தான். நீ அவனைக் கழுவிவிட்டாய்."

நான் வாதாடினேன். கருவி என்றால் வெட்ட வேண்டும். வெட்டாத கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து என்ன செய்வது? அழுக்கோடு வைப்பது அந்த மனிதனுக்கு மரியாதையா? என் ஆலை மொழியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொன்னேன். சில சொற்களைத் தவிர்த்திருக்கலாம்.

அவர் பதிலுக்கு அரைநிலாக் கத்தியை எடுத்து, கூர் எப்படி இருக்கிறது என்று கட்டைவிரலால் பார்த்தார். ரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு கத்தியை என் பக்கம் தள்ளினார்.

"இதை எடுத்துக்கொண்டு போ. இனி இதை யாரும் வாங்க மாட்டார்கள். என் கண் முன்னால் வேண்டாம். நீயும்தான். நாளைக்கு வராதே."

நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும். வேறு ஒருவராக இருந்தால் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார். அவர் வாசல் வரை வந்து, "குளிருக்கு ஜாக்கெட்டை மறந்துவிட்டாய்" என்று எடுத்துக் கொடுத்தார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

5

மூன்றாவது பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டேன். பாதியில் முனுசாமி போனில் வந்தான். இராணிப்பேட்டையில் எனக்குப் பக்கத்து மேசையில் தோல் வெட்டியவன், இன்றைக்கு அதே ஆலையில் வெட்டும் பிரிவுக்கு மாஸ்டர். அவனுடைய தாத்தாவும் சேணம் தைத்தவர். தோல் அவர்கள் குடும்பத்துக்கு வேலையாக வரவில்லை, பிறப்போடு வந்தது. அதற்கு ஊர் அவர்களுக்குக் கொடுத்த இடமும் பிறப்போடு வந்தது.

"இன்னா ஏகாம்பரம், பூஜலாம் ஜோரா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"நாப்பதயுமா தேச்ச?"

"நாப்பதயும்தான். சிரிக்காதடா, வேல பூட்ச்சி. வெள்ளிக்கெழம ஆபீஸ்ல தாளு காட்டணும்."

"இது எத்தினியாவது வேல உனுக்கு?"

"பதினொன்னு."

"அப்ப பன்னெண்டாவது தேடு. ஜல்தியா தேடு. கைல கத்தி கீதுல்ல?" என்றான். பிறகு குரலை மாற்றினான். "ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காத. அந்த வருசம் உங்க நைனா உன் கத்திய மூணு தபா கழுவனாருன்னு வந்து பெருமயா சொன்னியே. தறி நாடாவ எத்தினி தபா கழுவனாரு?"

நாடாவை நைனா கழுவவில்லை. ஒரு வருடமும் கழுவியதில்லை. கைபட்டுக் கைபட்டு எண்ணெய் ஏறிக் கறுத்த நாடா அது. பழைய பட்டுத் துண்டால் மெல்லத் துடைத்து, அப்படியே பொட்டு வைப்பார்.

"கழுவல" என்றேன். "துணியால தொடப்பாரு."

"அதான்பா. எங்கப்பாவும் கத்திய துணியால தொடச்சிதான் பொட்டு வெப்பாரு. எங்க ஊட்டு சாமி ஒரு நாளும் மூக்க மூடிகினு நிக்கல. உன் கத்திக்குதான் தண்ணி வேண்டி இருந்திச்சி. இப்ப நீயும் போய் யாரோ ஒரு வெள்ளக்காரன் கத்திக்குத் தண்ணி ஊத்திகினு கீற."

"இத ஏன்டா அப்பவே சொல்லல?"

"அப்ப நீ அம்மாம் சந்தோசமா இருந்தப்பா. எவனாவது சொல்லுவானா?"

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்த கதையைப் பத்து நிமிடம் பேசினான். நான் கேட்டுக்கொண்டே டப்பாவைக் கழுவினேன்.

மீதி நான்கு கிலோமீட்டர் நடக்கும்போது நைனாவைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டவில்லை. இரண்டு முழம் தள்ளி வைத்தார், ஆனாலும் வைத்தார். தெருவில் வேறு யாரும் தோல் வெட்டும் கத்தியை அவ்வளவு பக்கத்தில்கூடக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். அவரால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் அவர் அளந்த இரண்டு முழத்தை நான் இத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்து, பெயர் தெரியாத ஓர் இடது கைக்காரனுக்கும் அளந்துவிட்டேன். ரெனாத்தோ சொன்னபோது புரியாதது முனுசாமி சொன்னபோது புரிந்தது. தீட்டியதற்கு நான் வருத்தப்படவில்லை. கழுவியதற்கு வருத்தப்பட்டேன்.

வீட்டில் வசந்தா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஆரணியில் தறிக்கு நூல் தார் சுற்றிய கை, இங்கே காலையில் முதியவர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறது.

"இன்னாங்க, இம்மாஞ்சீக்கிரம்?"

"வேல பூட்ச்சி."

அவள் பிசைவதை நிறுத்தவில்லை. இதற்கு முன்னும் பல தடவை கேட்ட செய்தி. ஆனால் காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தோம். இருவரும் அதைப் பார்த்தோம்.

கீர்த்தி பள்ளியிலிருந்து வந்ததும் மேசை மேல் இருந்த கத்தியைப் பார்த்தாள். "நான்தான் அன்னிக்கே சொன்னனே" என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து, "ப்பா, கையால தோல் வெட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்னு போட்டுருக்காங்க. ரெண்டு ஊர் தள்ளி. பெல்ட்டு, பை தெக்கற எடம்" என்றாள். அவளே போன் செய்தாள். என்னிடம் பேசும்போது இல்லாத ஒரு நிமிர்வு, இத்தாலி மொழியில் பேசும்போது அவளுக்கு வந்துவிடுகிறது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலைல ஏழு மணிக்கு. சின்யோரா லொரெதானான்னு பேரு. ஒரு கண்டிஷன்."

"இன்னா?"

"பேசறத கொறச்சிக்கோ. அந்த வார்த்தங்க ஒன்னு கூட வரக்கூடாது."

6

செவ்வாய்க்கிழமை காலை முதல் பேருந்தில் போனேன். பட்டறை ஒரு பழைய மாட்டுக் கொட்டகை. உள்ளே நல்ல வெளிச்சம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். லொரெதானாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டு, தடித்த தோல் ஒன்றை மேசையில் விரித்தார். கஷ்கொட்டைச் சாற்றில் பதனிட்டது, தொட்டாலே தெரிந்தது.

"ஒரு வார் வெட்டிக் காட்டு. மூன்று விரல் அகலம். கோடு போட்டுக்கொள்ளலாம்."

கோடு போடவில்லை. துண்டைப் பிரித்து அரைநிலாக் கத்தியை எடுத்தேன். உள்ளங்கையில் பிடி உட்கார்ந்தது. இந்தக் கத்தியை இழுக்கக் கூடாது, முன்னால் தள்ள வேண்டும், வளைவை உருட்டிக்கொண்டே. தோல் சத்தம் போடவில்லை. ஒரு மீட்டர் நீளம் ஒரே மூச்சில் போனது. ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு லொரெதானா இன்னொரு வார் கேட்டார். அதையும் வெட்டினேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தார். ஓரங்கள் பொருந்தின.

"இதற்கு முன்னால் எங்கே இருந்தாய்?"

சொன்னேன். பொய் சொல்ல யோசித்தேன், ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் தோல்காரர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர் உடனே போனை எடுத்தார். ரெனாத்தோவின் குரல் எனக்கும் கேட்டது. அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் கேட்டது. லொரெதானா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"நாற்பது! நாற்பதையும்! சோப்புக்காய் ஏதோ போட்டு! அவனிடம் ஒரு கரண்டியைக்கூட நம்பிக் கொடுக்காதே!"

"சரி, ரெனாத்தோ. தீட்டியிருக்கிறானாமே, எப்படி?"

வெள்ளிக்கிழமையின் சிவப்பு வட்டம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"என் விரலில் கட்டு போட்டிருக்கிறேன்" என்றார் ரெனாத்தோ. "வெட்டுப் பட்டதே தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. நாசமாய்ப் போகிறவன். அப்படி ஒரு கூர்மையை நான் நாற்பது வருடமாகப் பார்த்ததில்லை."

லொரெதானா போனை வைத்தார். தைத்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்கே இருப்பது எல்லாம் வேலை செய்யும் கருவி. தீட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் தீட்டு. ஆனால் பிடிகள் அந்தந்தக் கைக்காரருடையவை. அவற்றைக் கழுவக் கூடாது. புரிகிறதா?"

"நேற்றுத்தான் புரிந்தது" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குத் தாள் வேண்டும் என்று சொன்னேன். நாளையிலிருந்து ஒரு வருட ஒப்பந்தம், இன்று மாலையே அலுவலகப் பெண் தாளை அனுப்பிவிடுவார், இன்றைக்குப் பழகிக்கொள் என்றார். என் விரலைப் பார்த்துவிட்டு, ரேகை இருக்கிறதா என்று கேட்டார். இந்த ஊரில் இது சகஜமான கேள்வி. இருக்கிறது என்று பத்து விரலையும் காட்டினேன்.

வெளியே போய்க் கீர்த்திக்கு ஒரு வரி அனுப்பினேன். அவள் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் உடனே பதில் வந்தது: "ஒன்னும் தப்பா பேசலியே?"

உள்ளே திரும்பியபோது லொரெதானா கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தோல் முன்துணியைக் காட்டினார். தோல் வெட்டுகிறவர் கட்டிக்கொள்வது. போன மாதம் ஓய்வு பெற்றவருடையது. எடுத்தேன். கனமாக, விறைப்பாக இருந்தது. பசையும் மெழுகும் எண்ணெயும் ஏறி வலது தொடைப் பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. இடது பக்கம் அப்படி இல்லை. வலது கைக்காரர். பசை தொட்ட விரலை ஒவ்வொரு முறையும் அங்கே துடைத்திருக்கிறார். கழுத்துக் கயிற்றில் ஒரு முடிச்சு கூடுதலாக இருந்தது. என்னைவிடக் குட்டை.

முற்றத்தில் குழாய் இருந்தது. பக்கத்தில் சோப்புக் கட்டியும் இருந்தது.

கூடுதல் முடிச்சை மட்டும் அவிழ்த்தேன். என் பைக்குள் கத்தி சுற்றி வந்த பழைய துண்டால் முன்துணியை ஒரு முறை மேலாகத் துடைத்தேன். அப்படியே கட்டிக்கொண்டு மேசைக்குப் போனேன். மதியத்துக்குள் இருபத்திரண்டு வார் வெட்டினேன்.